சந்தா கட்டினால் அதிகாரம் போய்விடாது

உலக சுகாதார நிறுவனத்திலிருந்து அமெரிக்கா விலகியது சரிதான், நாமும் ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அதன் கீழே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர், தடுப்பூசி தயாரிக்கும் மத்திய அரசின் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தை இழுத்து, ‘வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் மூடினார்கள்’ என்று எழுதியிருக்கிறார். குன்னூர்க்காரனாக இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2008 ஜனவரியில் அந்த நிலையத்தின் தடுப்பூசித் தயாரிப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது டெல்லி. தயாரிப்பு முறை தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது உண்மை. சரி, கட்டடத்தையும் இயந்திரத்தையும் காலத்தோடு புதுப்பிக்காமல் விட்டது யார்? ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வழி பார்க்காமல், சென்னை கிண்டி, இமாச்சலப் பிரதேசக் கசௌலி ஆகிய ஊர்களின் அரசுத் தடுப்பூசி நிலையங்களையும் சேர்த்து ஒரேயடியாக நிறுத்தியது யார்? 1907 முதல் குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கத்தில் இயங்கிவரும் நிலையம் எங்களுடையது. நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போன இடத்தில் தயாரிப்பு நின்றது. ஊரே கொதித்தது. 2010-ல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதே டெல்லிதான். அதிகாரம் எப்போதும் நம் கையில்தான் இருந்தது.

அப்புறம் பணம். சமீப காலம்வரை உலக சுகாதார நிறுவனத்தின் பட்ஜெட்டில் நாடுகளின் கட்டாயச் சந்தா ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி நன்கொடை. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதையும் கொடுப்பவரே சொல்லிவிடுவார். சந்தாவை நிறுத்தினால் அந்த நன்கொடையாளர்களின் பிடிதான் இன்னும் இறுகும். அதிகாரத்தைப் பொறுத்தவரை, ஊரடங்கு போடச் சொல்லி எந்த நாட்டுக்கும் உத்தரவிட அந்நிறுவனத்துக்கு அதிகாரமில்லை என்று 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டுரையாளர் அதை ஏன் விட்டுவிட்டார்?