தலைக்கட்டும் வாக்காளரும்

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து எந்தத் தேர்தலிலும் அவர் வாக்களிக்கத் தவறியதில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றுவிடுவார். ஆனால் எங்கள் ஊராட்சியின் கிராம சபையில் அவர் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு முறைதான். 1999ஆம் ஆண்டு மே முதல் நாள், நாடக மேடைக்கு முன்னால் கூட்டம் நடந்தது. மேட்டுத் தெருவுக்குக் குழாய் போட்டு எட்டு மாதமாகியும் தண்ணீர் ஏறவில்லை, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அம்மா எழுந்து நின்று கேட்டார். கேள்விக்குப் பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. அன்று மாலை பங்காளி முறையில் சித்தப்பா ஒருவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அண்ணே, மதனிய இதுக்கெல்லாம் அனுப்பாதீங்க. நாமதான் இருக்கோம்ல?" என்று சொன்னது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, குடும்பத்தின் மீது அக்கறையோடுதான் சொன்னார். அப்பாவும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா கிராம சபைக்குப் போனால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

"மக்களுக்கு அரசியலில் ஆர்வமில்லை" என்று படித்தவர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மாலைப் பொழுதுதான் நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்கு ஆர்வம் இல்லாமல் போகவில்லை. யார் பேசலாம், யார் பேசினால் அது ஊர் விஷயம், யார் பேசினால் அது அதிகப்பிரசங்கித்தனம் என்பதைச் சட்டத்துக்கு வெளியே ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது.

மதுரைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பகுதியில் ஊர்க்கூட்டம் என்பது மந்தையில், அதாவது ஊர்ப் பொதுவிடத்தில், கூடுவது. திருவிழா, கண்மாய் மீன்பிடி, வாய்க்கால் மராமத்து, தகராறு என எல்லாம் அங்கேதான் தீரும். அங்கே ஆளைக் கணக்கிடுவதில்லை, தலைக்கட்டைத்தான் கணக்கிடுவார்கள். திருமணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. வரி அவர் பெயரில், பேச்சும் அவர் பெயரில். மனைவியும், திருமணமாகாத மகனும், கூடவே இருக்கும் விதவைத் தங்கையும் அந்த ஒரு தலைக்குள் அடக்கம். தலித்துகள் வாழும் காலனியின் மக்களோ எந்தத் தலைக்கட்டுக் கணக்கிலும் வராதவர்கள். அவர்களிடம் வேலை சொல்லலாம், கருத்துக் கேட்கும் வழக்கம் இல்லை. நான் ஊர்ப்பக்கத்தில் பிறந்தவன். மந்தையில் உட்காரும் உரிமை எனக்குத் திருமணத்தோடு தானாக வந்து சேர்ந்தது. அது உரிமை என்பதே பல ஆண்டுகள் எனக்கு உறைக்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இந்தக் கணக்கை முற்றிலும் மாற்றியது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஓர் ஆளுக்கு ஓர் இடம், தலைக்கட்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சட்டம் எழுதியவர்கள் நினைத்தது பெரிய காரியம். ஆனால் அந்தச் சபை எங்கே கூடியது? அதே மந்தையில், அதே நாடக மேடைக்கு முன்னால். நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள், ஓரத்தில் யார் நின்றார்கள் என்பதும் பழைய வழக்கப்படியே அமைந்தது. புதிய சபை பழைய ஊர்க்கூட்டத்தின் அச்சில் போய் விழுந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதன் கொடூரமான முகத்தை எங்கள் பகுதி மிக விரைவிலேயே பார்த்துவிட்டது. மேலூர் வட்டத்தில் உள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996 தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, வாக்குச்சாவடியில் வன்முறை நடந்தது, அவற்றையெல்லாம் மீறித்தான் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்தில் அவரும் மேலும் 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மந்தையில் உட்கார உரிமையில்லாத ஒருவர் அந்த ஊருக்கே தலைவராக எப்படி இருக்க முடியும் என்று தலைக்கட்டுக் கணக்கு கேட்டது. அந்தக் கேள்விக்கு அரிவாளால் விடை எழுதினார்கள்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய 4 ஊராட்சிகளில் இதே மறுப்பு வேறு வடிவம் எடுத்தது. 1996 தொடங்கிப் பத்தாண்டுகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்படும், யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். அல்லது ஊர் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். 2006 அக்டோபரில், அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் உள்ளிட்டோர் ஊர் ஊராகச் சென்று பல மாதங்கள் பேசிய பிறகே அங்கே உண்மையான தேர்தல் நடந்தது. இதைச் சொல்லும்போது நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்த ஊர் மக்கள் அரசியலில் பங்கெடுக்காதவர்கள் அல்லர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொலைவில் இருக்கும் அதிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. கண்முன்னே இருக்கும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில்தான் சிக்கல் வந்தது. இதனால்தான் வாக்குப்பதிவு விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் அரசியல் பங்கேற்பை அளப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

நாற்காலி என்று நான் சொன்னது வெறும் உருவகமும் இல்லை. 2020ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்து கூட்டம் நடத்திய படம் வெளியானது. மேலவளவுக்கும் அந்தப் படத்துக்கும் இடையே 23 ஆண்டுகள். அரிவாள் போய்த் தரை வந்திருந்தது. அதை முன்னேற்றம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் விஷயத்தில் கதை இன்னும் நுட்பமானது. 1921லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் இங்கேதான் சட்டசபையின் துணைத் தலைவரானார். இன்று உள்ளாட்சியில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கானவை, 2019 டிசம்பர் ஊரகத் தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது. வாக்காளர் பட்டியலிலும் பெண்களே அதிகம். ஆனால் ஒதுக்கீடு இல்லாத இடத்தில், 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர்தான். கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போதும் தலைக்கட்டைத்தான் தேடுகின்றன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"தலைவரம்மா பேருக்குத்தான், எல்லாம் வீட்டுக்காரர்தான்" என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பல இடங்களில் அது உண்மையே. ஆனாலும் அந்தப் பெண்ணைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியாகப் பேருந்தில் போய் வருவதையே நாலு பேர் பேசும் ஊரில், ஒப்பந்ததாரரோடும் பொறியாளரோடும் நேருக்கு நேர் நின்று பேசும் பழக்கம் ஒருவருக்கு முதல் நாளே எங்கிருந்து வரும்? பழக்கம் வந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் அது மகளிர் சுய உதவிக் குழு வழியாக வந்தது. தருமபுரியில் 1989இல் தொடங்கிய அந்த இயக்கம் கடன் தருவதற்காக உருவானது. ஆனால் வாரம் ஒரு முறை வட்டமாக உட்கார்வது, முறை வைத்துப் பேசுவது, கணக்கைச் சத்தமாகப் படிப்பது, வங்கி மேலாளரிடம் ஏன் என்று கேட்பது ஆகிய எல்லாம் சேர்ந்து, மந்தை எந்தக் காலத்திலும் பெண்களுக்குத் தராத பயிற்சியைத் தந்தன. வட்டமாக உட்கார்ந்தால் முன்வரிசை பின்வரிசை என்பது இல்லாமல் போகிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கிராம சபைக்கு இன்று யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்ற ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புகிறவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கூட்டத்துக்கு வராவிட்டால் வேலை கிடைக்காது என்ற பேச்சு எப்படியோ பரவியிருக்கிறது. வருகிறார்கள், வெயிலில் உட்கார்கிறார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார்கள். முன்பே எழுதி வந்த தீர்மானங்கள் வேகமாகப் படிக்கப்படுகின்றன, கூட்டம் முடிகிறது. பதிவேட்டைப் பார்த்தால் பெண்களின் பங்கேற்பு மிகச் சிறப்பாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் இதே மேலூர் வட்டம் கண்டது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது, அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் கிராம சபையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டன. அம்மாத இறுதியில் நடந்த கூட்டங்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டபோது, படிப்பது என்ன என்று எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள், ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதில் என்னை யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. அந்த மக்களைத் திரட்டியதில் நாடு (பல ஊர்களின் கூட்டு), அம்பலம் (ஊர்த் தலைமை), மந்தை என்ற பழைய அமைப்புக்கும் பெரிய பங்கு இருந்தது. தில்லி வரை போய்ப் பேசியவர்களில் அம்பலகாரர்கள் இருந்தார்கள். சிலரை வெளியே நிறுத்துகிற அதே கட்டமைப்புதான் ஒரே நாளில் ஊரைத் தெருவுக்கு அழைத்து வரவும் செய்கிறது. அதை இடித்துத் தள்ளிவிட்டால் போதும் என்று நகரத்து நண்பர்கள் சொல்லும்போது நான் தயங்குவது இதனால்தான். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலமே 60 விழுக்காட்டைத் தாண்டியபோது சென்னை மாநகராட்சியில் வாக்களித்தவர்கள் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தலைக்கட்டு இல்லாத இடத்தில் வாக்காளர் தானாக எழுந்து வந்துவிடவில்லை.

அரிட்டாபட்டியில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள், முழக்கமிட்டார்கள், ஒலிவாங்கியில் பேசினார்கள். ஆபத்து வந்தால் யார் முன்னே, யார் ஓரத்தில் என்ற பழைய வரிசை கலைகிறது. ஆபத்து நீங்கிய பிறகு, குழாயும் விளக்கும் ரேஷனும் பேசப்படும் சாதாரணக் கூட்டத்திலும் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்களா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அந்தச் சாதாரணக் கூட்டங்களும் அறுபடாமல் நடக்க வேண்டும். 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் இருந்தார்கள், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் மீண்டும் அதே நிலை வந்தது. கேள்வி கேட்கப் பழகத் தொடங்கிய ஒரு பெண்ணுக்கு, பதில் சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அரசியல் கட்சிகள் உணர்வதாகத் தெரியவில்லை.

கிராம சபையை ஊராட்சியின் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். எனக்குத் தெரிந்து எங்கள் ஊராட்சியில் ஒரு முறைகூட அது காலனியில் நடந்ததில்லை. அடுத்த கூட்டத்தைக் காலனிச் சமுதாயக் கூடத்தில், நாற்காலி இல்லாமல், எல்லாருக்கும் ஒரே ஜமக்காளம் விரித்து நடத்த வேண்டும் என்று கேட்டு மனு எழுதினோம். 34 பேர் கையெழுத்திட்டார்கள், அவர்களில் 21 பேர் பெண்கள். மனுவைப் பற்றிக் கேள்விப்பட்ட சிலர், காலனிக்கு ஊர்க்காரர்கள் வருவார்களா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள். அம்மா மனுவை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மேட்டுத் தெருத் தண்ணீரையும் இதில் சேர்த்து எழுது என்றார். சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்.