அணைக் கணக்கு மட்டும் போதாது, ஏரல் பாலத்தில் ஓர் அளவுகோல் வேண்டும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தாமிரபரணிக் கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்துக்கு முன்னால் அணை நீர்மட்டம் வந்து விழும். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி, நீர்வரத்து, வெளியேற்றம். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏரல் மாதிரி ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கிற ஒரு சிற்றூரைக் காப்பாற்ற அந்தக் கணக்கு போதாது என்பதை 2023 டிசம்பரில் கண்ணால் பார்த்தோம். பார்த்த பிறகும் அதே கணக்கைத்தான் இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கூடுதலாகக் கொட்டியது. இந்த மூன்று ஊர்களையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மூன்றுமே அணைகளுக்கு வெகு தூரம் கீழே, சமவெளியில் இருப்பவை. அங்கே விழுந்த ஒரு சொட்டுகூடப் பாபநாசம் அணையின் நீர்வரத்துக் கணக்கில் ஏறாது.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டர் மழை விழுகிறது, மண் எதையும் குடிக்கவில்லை, அத்தனையும் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சராசரியாக நொடிக்கு சுமார் 24,500 கனஅடி வரும். எந்த அணையின் மதகையும் தொடாமலே வருகிற தண்ணீர் இது. அன்றைக்கு மழை விழுந்த பரப்போ 100 சதுர கிலோமீட்டரைவிடப் பல மடங்கு பெரியது. மலையிலும் சும்மா இல்லை. மாஞ்சோலையில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அணைகளிலிருந்து திறந்த தண்ணீர், சிற்றாறும் பச்சையாறும் கொண்டுவந்த தண்ணீர், சமவெளி மழை என எல்லாம் சேர்ந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் (தண்ணீரைத் தேக்கும் அணை இல்லை, கால்வாய்க்குத் திருப்புகிற குறுக்குச் சுவர்) தாண்டியது நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல். ஒரு லட்சம் கனஅடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒரு நொடிக்கு 230-க்கு மேல் கடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குளங்கள். எங்கள் பாசன முறையே அணைக்கட்டு, கால்வாய், குளம் என்று சங்கிலியாகக் கோத்தது. தாமிரபரணியில் இருக்கிற எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து குளங்களுக்குப் போகின்றன. மேல் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அது கீழ்க் குளத்துக்கு வரத்து. சாதாரண நாளில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. ஆனால் மேலே ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழே இருக்கிற கரையின் மேல் போய் மோதும். அன்று பல குளங்கள் உடைந்தன. ஊருக்குள் வந்த தண்ணீரில் ஆறு எவ்வளவு, குளம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அணை நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தத் திசையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதே புரியவில்லை. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலை அடித்துக்கொண்டு போனது. வியாபாரிகள் இழந்த சரக்கைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவர்கள் குரல் மாறிவிடும்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். வானிலை எச்சரிக்கை தாமதமாக வந்தது என்றது மாநில அரசு. முன்பே சொல்லிவிட்டோம் என்றது மத்திய அரசு. இரண்டு பக்கமும் பேசியது மழையைப் பற்றி. ஏரல்காரருக்குத் தேவைப்பட்டது அதற்கு அடுத்த படி. 'தூத்துக்குடி மாவட்டத்தில் அதி கனமழை' என்பதை வைத்துக்கொண்டு கடையில் கீழ்த்தட்டில் இருக்கிற மூட்டையை மேலே ஏற்றுவதா, கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புவதா என்று ஒருவர் எப்படி முடிவெடுப்பார்? என் ஆற்றில், என் பாலத்தில், இப்போது எவ்வளவு தண்ணீர், இன்னும் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வரும்? இந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

இணையத்தில் கருவிகள் இல்லாமல் இல்லை. ஓரளவு எல்லாவற்றையும் பார்த்து வருகிறேன்.

மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளம் இருக்கிறது. அவர்களே 2023 ஆகஸ்டில் 'ஃபிளட்வாட்ச் இந்தியா' என்ற செயலியையும் வெளியிட்டார்கள். அளவு நிலையங்களின் நீர்மட்டம், அபாய அளவு, அடுத்த 24 மணி நேரத்துக்கான கணிப்பு, ஏழு நாள் வரையிலான பொதுவான எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. நல்ல முயற்சி. ஆனால் வெளியானபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. எங்கள் ஆற்றில் முறப்பநாட்டில் ஆணையம் நீரை அளக்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலந்த பிறகு ஆறு எவ்வளவு கனத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது சரியான இடம். ஆனால் முறப்பநாட்டுக்குக் கீழே பெய்கிற மழையும், உடைகிற குளங்களும் அந்த அளவுகோலில் தெரியாது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி, புன்னக்காயல் எல்லாமே அதற்குக் கீழேதான்.

கூகுளின் 'ஃபிளட் ஹப்' வரைபடம் ஆற்றின் மேல் புள்ளி புள்ளியாக எச்சரிக்கை காட்டும். 2018-இல் பாட்னாவில் சோதனையாகத் தொடங்கி இன்று உலகத்தின் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஏழு நாள் முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் பலவற்றில் நிஜமான அளவுகோல் எதுவும் ஆற்றில் நட்டு வைக்கப்படவில்லை. மழைக் கணிப்பையும் நிலத்தின் அமைப்பையும் வைத்துக் கணினியில் ஓடுகிற ஒரு மாதிரி (மாடல்) போடுகிற கணக்கு அது. அளவு நிலையமே இல்லாத ஆறுகளுக்கு இது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் எந்தக் குளத்தின் கரை பலவீனமாக இருக்கிறது, எந்த மதகு துருப்பிடித்து ஏறாமல் நிற்கிறது, எந்த ஓடையைச் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் எந்த மாதிரிக்கும் தெரியாது. ஐரோப்பியர்கள் நடத்துகிற 'குளோஃபாஸ்' தளத்துக்கும் இதே எல்லைதான். மூன்று நாளைக்கு முன்னால் 'கவனமாக இரு' என்று சொல்ல இவை போதும். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டால் இவற்றிடம் பதில் கிடைக்காது.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றிச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் உண்மையில் அற்புதமானதுதான். ஆனால் அது நினைத்த நேரத்துக்கு நம் தலைக்கு மேல் வராது. வெள்ளம் எதுவரை பரவியது என்று பிறகு வரைந்து பார்க்க உதவும், அவ்வளவுதான். தரையில் இருக்கிற வானிலை ரேடாரை எடுத்துக்கொண்டாலும், காரைக்கால் தூரத்தில் இருக்கிறது, திருவனந்தபுரத்துக்கும் நமக்கும் நடுவில் மலை நிற்கிறது. மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி 2024-இல் வந்தது. அதில் தமிழ் இருக்கிறது. அதற்காகவே எல்லோரும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை இருந்தும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. மேலே அணை, அதற்கும் மேலே வானம், இரண்டையும் பார்க்க வழி இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றைப் பார்க்க மட்டும் வழி இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அளவு எடுக்காமல் இல்லை. அங்கே பணியில் இருப்பவர்கள் எத்தனை அடி போகிறது என்று குறித்துத் தங்கள் மேலதிகாரிகளுக்குச் சொல்கிறார்கள். அந்த எண் மாவட்ட நிர்வாகம் வழியாகப் பத்திரிகைச் செய்தியாக நமக்கு வந்து சேருகிறது. அமைதியான நாளில் ஒரு நாளைக்கு ஒருமுறை வந்தால் போதும். வெள்ள இரவில் காலை எட்டு மணிக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் நீர்மட்டத்தையும் ஏரல் பாலத்தின் நீர்மட்டத்தையும் மணிக்கு ஒருமுறை, அளந்த நேரத்தோடு, தமிழில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். இங்கிலாந்தில் சின்னச் சின்ன ஆறுகளுக்குக்கூட 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவை அரசே பொதுவில் வெளியிடுகிறது. வழக்கமான அளவு எது, இதுவரை ஏறியதிலேயே உச்சம் எது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மலைக்கு அந்தப் பக்கமே பாருங்கள். கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரைத் தன்னார்வலர்கள், பள்ளி மாணவர்கள் உட்பட, மழைமானி வைத்து அளந்து, ஆற்றில் கோடு போட்டு மட்டம் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மேலே ஈராற்றுப்பேட்டையில் ஏறியது கீழே பாலாவில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் செய்யும்போது நம்மால் முடியாதா?

பாலத் தூணில் அடிக்கு ஒரு கோடு போட்டு எண் எழுத பெயிண்ட் செலவுதான். தானாக அளந்து அனுப்புகிற சூரிய மின்சாரக் கருவி வந்தால் நல்லது, ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோட்டைப் பார்த்துப் படம் எடுத்து நேரத்தோடு அனுப்ப, கரையில் பாதுகாப்பாக நிற்கிற ஒருவர் போதும். ஆற்றுக்கு மட்டும் இல்லாமல், ஊரைச் சுற்றியுள்ள குளங்களின் மறுகாலிலும் இப்படி ஒரு கோடு வேண்டும். மட்டத்தைவிட ஏறுகிற வேகம்தான் முக்கியம். ஒரு மணி நேரத்தில் அரை அடி ஏறுகிறதா, இரண்டு அடி ஏறுகிறதா என்பது ஒற்றை எண்ணில் தெரியாது, தொடர்ந்து எடுத்த எண்களில்தான் தெரியும்.

எண்ணைத் தெருவாக மாற்றுவதுதான் அடுத்த வேலை, என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுதான். ஒரு லட்சம் கனஅடி வருகிறது என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பாலத்தில் இந்தக் கோட்டைத் தொட்டால் படித்துறை முழுகும், அந்தக் கோட்டைத் தொட்டால் கடைத்தெருவில் முழங்கால் அளவு வரும், அதற்கு மேல் போனால் இன்னின்ன தெருக்கள் உடனே கிளம்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தால், படிக்காத பாட்டிக்கும் புரியும். இந்தப் பட்டியலை ஊர்க்காரர்கள் மட்டும்தான் தயாரிக்க முடியும். 1992 நவம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2023-இன் கறை பல சுவர்களில் இன்னும் தெரிகிறது. வெள்ளையடித்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

கைப்பேசி கோபுரம் விழுந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023-இல் மின்சாரமும் சிக்னலும் போய், நாள்கணக்கில் பல ஊர்களைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். அதனால்தான் இந்தக் கருவிகளுக்கு வேலை சிக்னல் போவதற்கு முந்தைய சில மணி நேரங்களில் என்கிறேன். அதற்குள் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும். பிறகு கோயில் மைக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், சர்ச் மணியும், மைக் கட்டிய ஆட்டோவும்தான். பேட்டரியில் ஓடுகிற ஒலிபெருக்கி எங்கெங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவைத்திருந்தால் அந்த ராத்திரியில் தேடி அலைய வேண்டாம்.

அன்று செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சுமார் 800 பயணிகள். தாதன்குளம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. அந்தத் தகவல் உரிய நேரத்தில் நிலையத்துக்கு வந்ததால் ரயில் அங்கேயே நின்றது. பயணிகள் பட்ட பாடு பெரும்பாடு, மறுக்கவில்லை, ஆனால் உயிர் மிஞ்சியது. அந்த இடத்தின் நிலவரம், அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு, அந்த நேரத்திலேயே தெரிந்தது. ஊருக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, குழுக்களில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது. நேரமும் தேதியும் இல்லாத நீர்மட்டத்தைப் பகிராதீர்கள். பழைய வீடியோவைப் புதிது என்று போடாதீர்கள். 'அணை உடைந்துவிட்டதாம்' என்று ஒரு வரி வந்தால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள். இரண்டு முறை பொய்யாக ஓடியவர்கள் மூன்றாவது முறை நிஜமாகவே தண்ணீர் வரும்போது நகர மாட்டார்கள்.

ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டிலோ கடையிலோ 2023 தண்ணீர் நின்ற உயரத்தைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து, தெருவின் பெயரோடு கீழே எழுதுங்கள். 1992-இன் அளவு தெரிந்தால் அதையும் சேருங்கள். வீட்டு எண்ணோ உங்கள் கைப்பேசி எண்ணோ வேண்டாம், தெருவும் உயரமும் போதும். வருகிறதை எல்லாம் ஒரே வரைபடமாக்கி, பாலத்தில் கோடு போட அனுமதி கேட்டுப் பேரூராட்சிக்குக் கொடுக்கப்போகிற மனுவோடு இணைக்கலாம் என்றிருக்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.