டக்கர் மோசடிக்காரர் அல்லர்

‘டக்கர் 48 என்ற அமெரிக்கக் கார் காட்டிப் பணம் பறிக்கச் செய்த வெறும் மாதிரி, மோசடி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததால்தான் கம்பெனி மூடப்பட்டது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

தீர்ப்பு வந்தது 1950 ஜனவரியில். அந்தக் காரை உருவாக்கிய பிரெஸ்டன் டக்கரும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் குற்றமற்றவர்கள் என்று ஜூரி சொன்னது. ஆனால் சிகாகோ தொழிற்சாலை 1949-லேயே கைவிட்டுப் போயிருந்தது. விசாரணை பற்றிய செய்திகளே முதலீட்டாளர்களை விரட்டிவிட்டன. விடுதலையாகியும் மனிதருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

சந்தேகத்துக்கு அவரும் இடம் கொடுத்தார் என்பது உண்மை. கார் தயாராகும் முன்பே அதற்கான ரேடியோ, சீட் கவர் போன்றவற்றை விற்றுப் பணம் திரட்டினார்.

ஆனால் கார் நிஜமானது. முதல் மாதிரியைத் தவிர 50 கார்கள் உருவாயின. ஹெலிகாப்டருக்கான ஃபிராங்க்ளின் என்ஜினைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றிப் பின்புறம் பொருத்தினார்கள், 166 குதிரைத்திறன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் நடு ஹெட்லைட்டும் அந்தப் பக்கம் திரும்பும். 1948-இல் இது எவ்வளவு துணிச்சலான வேலை! பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன. 2012 ஏலத்தில் ஒன்று 29 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது.

குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவரை மோசடிக்காரர் என்று எழுதியதைத் தயவுசெய்து திருத்துங்கள்.