சூடம் அணைத்தால் கணக்கு நேராகிவிடுமா?

எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்து மண்டல பூஜைகூட நிறைவடையவில்லை, பொருளாளர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. காலையில் டீக்கடையில் ஒரு லட்சமாக இருந்த தொகை, மாலை பஸ் வருவதற்குள் மூன்று லட்சமாகியிருந்தது. ஆதாரம்? அவர் வீட்டுத் திண்ணையில் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தார்.

ஊர்க்கூட்டம் கூடியது. நாற்பது பேராவது பேசியிருப்பார்கள். ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும்" என்றது ஒரு தரப்பு. "எங்கள் பங்காளியைக் கேள்வி கேட்க நீங்கள் யார்?" என்றது இன்னொரு தரப்பு. அறுபது வயது மனிதர் தோள்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். சூடத்தை ஏற்றியும்விட்டார்கள். உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பாதிப் பேர், அவர் உத்தமர் என்று எழுந்து போனார்கள். மீதிப் பேர், "கை நடுங்கியதைப் பார்த்தாயா?" என்றார்கள். எரியும் சூடத்தின் மேல் யாருடைய கைதான் நடுங்காது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடையில் பெருமை பேசாத ஆள் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரை, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது அது. பிறர் பொருளைக் கவர்ந்தவரை அது தனியாகவே விலக்குகிறது. திருடினாரா என்பது ஒரு கேள்வி, கணக்குக் காட்டினாரா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குச் சாட்சியும் வேண்டாம், சூடமும் வேண்டாம். உறவினர்களையும் சேர்த்து விலக்கியதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைத்தான் எங்கள் ஊர் அப்படியே பின்பற்றியது. அவருடைய பேரனைப் பள்ளி வேனில் கேலி செய்து அழவைத்தார்கள்.

கடைசியில் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்தோம். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து கொட்டினார் பொருளாளர். நூல் கட்டிய அடிக்கட்டைகள், பந்தல்காரர் பில், பூக்காரரின் துண்டுச்சீட்டு, சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிய மணல் லோடுக் கணக்கு. எல்லாம் கூட்டிக் கழித்ததில் 41,600 ரூபாய் இடித்தது. அதில் 27,000 மேளக்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் ரசீது இல்லாமல் கொடுத்தது. போன் செய்தோம், வாங்கியதாக ஒப்புக்கொண்டார்கள். மீதி 14,600.

நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருமகள் பிரசவத்துக்கு எடுத்தேன். நெல் போட்டதும் வைத்துவிடலாம் என்று இருந்தேன்."

இது தவறுதான். நான் மழுப்பவில்லை. சிறிது காலத்துக்கு மட்டும் எடுத்தாலும் கையாடல் கையாடலே என்றுதான் சட்டமும் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவு என்றால் மூன்று ஆண்டு வரை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. எழுத்தர் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் 14,600 எடுத்தவரை மூன்று லட்சம் எடுத்தவராக்கிய வாய்களுக்கு எந்தப் பிரிவு?

அந்த மூன்று லட்சத்தை உரக்கச் சொன்னவர்கள் தலைவரும் செயலாளரும். காசோலையில் தொகை எழுதாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, மூன்று ஆண்டுகளாக வரவு செலவைத் திரும்பிப் பார்க்காதவர்களும் அவர்களேதான்.

பணத்தை இரண்டு தவணையில் கட்டினார், பொறுப்பிலிருந்து விலகினார். கணக்கைக் கூட்டத்தில் நான்தான் படித்தேன். 14,600 என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவ்வளவுதானா?" அதில் இருந்தது நிம்மதி அல்ல, ஏமாற்றம்.

போன வாரம் புதிய பொருளாளரிடம் ஆடி மாதக் கணக்கைக் கேட்டேன். "என் மேலேயே சந்தேகமா?" என்று முகம் சுண்டிப்போனார். கணக்கு இன்னும் வரவில்லை.