நொடித்த மாதம் பார்த்து ஏறும் தவணை

போன சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து நோவையில் நண்பர் வீட்டில் சாப்பாடு. பிரியாணி முடிந்து பாயசம் வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அரசியலோ சினிமாவோ இல்லை, எங்கள் ஊர் ஃபுட்பால் அணி டெட்ராய்ட் லயன்ஸ்தான். "ரெண்டு முதல் ரவுண்டு பிக்கையும் தூக்கிக் கொடுத்துட்டு பெரிய கை ஒருத்தனை இறக்கணும் தம்பி. பிக்கைப் பெட்டியில வெச்சுப் பூட்டி என்ன பண்ணப் போறானுங்க?" என்றார் எங்கள் கூட்டத்து மதுரை அண்ணன். ஒன்று கொடுக்கலாம், இரண்டு கூடாது என்றேன் நான். "ஒண்ணு கொடுக்கலாம்னா ரெண்டு கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?" என்று கேட்டார். அங்கே பதில் வரவில்லை. காரில் திரும்பும்போதுதான் வந்தது, வழக்கம்போல. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. 32 அணிகள். ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்ட், ஏழு ரவுண்டு. கல்லூரியிலிருந்து வரும் பையன்களை வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை வென்ற அணிக்கு 32-ஆம் இடம். அந்த இடத்துக்குப் பெயர்தான் பிக். அப்படி எடுக்கும் பையனுக்கு நான்கு வருடம் சம்பளம் கட்டுப்பட்ட விலை, முதல் ரவுண்டு என்றால் ஐந்தாவது வருடத்துக்கும் அணி கை வைத்துக்கொள்ளலாம். எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு உள்ள ஆட்டத்தில், நல்லவன் ஒருவன் மலிவாகக் கிடைப்பதுதான் பெரிய லாபம். இந்த வருடத்துப் பிக்கை மட்டுமில்லை, இன்னும் வராத வருடங்களின் பிக்கையும் இன்றைக்கே விற்கலாம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அணிகள் செய்வது அதைத்தான்.

விதைநெல்லை விற்றுத் தின்கிறார்கள் என்பார்கள் சிலர். எனக்கு அது பொருந்தவில்லை. ஏலச் சீட்டு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா கல்யாணத்தின்போது அப்பா ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றில் இருந்தார். 20 மாதம், மாதம் 5,000. இரண்டாம் மாதமே 28,000 தள்ளி 72,000-க்கு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் பணம் அந்த மாதம்தான் வேண்டும், இருபதாம் மாதம் வந்து என்ன புண்ணியம்? அணிக்கு யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்கிறவர் ஜெனரல் மேனேஜர். வருங்காலப் பிக்கை விற்கும்போது அவரும் சீட்டைத் தள்ளி எடுக்கிறவர்தான். அடுத்த வருடத்து முதல் ரவுண்டு என்றால் இந்த வருடத்து இரண்டாம் ரவுண்டு மதிப்பு என்பது இந்தத் தொழிலில் பழைய வாய்ப்பாடு. ஆய்வாளர் கேட் மாஸியும் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் பழைய டிரேடுகளை, அதாவது அணிகள் தங்களுக்குள் செய்த கொடுக்கல் வாங்கல்களை, தோண்டிக் கணக்குப் போட்டார்கள். இன்றைய பிக்குக்காக நாளைய பிக்கைக் கொடுக்கும் அணிகள் கட்டுகிற வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கும் மேலே போகிறது. நம்ம ஊர்க் கந்துவட்டிக்காரர்கூட அந்த விகிதத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்.

அப்பாவின் சீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அப்பாவுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று தெரியும். கடையில் வியாபாரம் ஓடினாலும் படுத்தாலும் 5,000-க்கு மேல் ஒரு பைசா கிடையாது. பிக் அப்படி இல்லை. நீங்கள் நன்றாக ஆடினால் கொடுத்த பிக் 32-ஆம் இடத்தில் போய் நிற்கும், தவணை லேசு. நீங்கள் சரிந்தால் அதே பிக் ஆறாம் இடத்துக்கு, ஐந்தாம் இடத்துக்கு ஏறும். கையில் காசில்லாத மாதம் பார்த்துத் தவணை ஏறுகிற சீட்டு இது. அப்படி ஒரு சீட்டை எங்கள் ஊரில் நடத்தினால் நடத்துகிறவரை உதைப்பார்கள்.

இதைக் கண்ணால் பார்த்த ராத்திரி ஒன்று உண்டு. 2024 ஜனவரி 14, ஞாயிறு. இங்கே இரவு எட்டு மணி தாண்டிவிட்டது, ஊரில் பொங்கல் காலை. ஒரு கையில் போன், அதில் அம்மா வாசலில் பானை வைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே டிவியில் எங்கள் மைதானம் ஃபோர்ட் ஃபீல்ட், லயன்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கும் பிளேஆஃப், தோற்றால் வெளியே போகிற ஆட்டம். வெளியே ஊரே உறைந்து கிடக்கிற குளிர்.

அந்த ஆட்டத்தின் கதை மூன்று வருடம் முன்னால் தொடங்குகிறது. 2021 ஜனவரியில் ராம்ஸ் எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஆள்) மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கிக்கொண்டது. விலை: அவர்களுடைய குவாட்டர்பேக் ஜாரெட் காஃப், ஒரு மூன்றாம் ரவுண்டு பிக், அப்புறம் 2022, 2023 இரண்டு வருடத்து முதல் ரவுண்டு பிக்குகள். 2020-ம் 2021-ம் ஏற்கெனவே ஜாக்சன்வில் அணிக்குப் போய்விட்டன, ஜேலன் ராம்ஸி என்ற தற்காப்பு ஆட்டக்காரருக்காக. 2016-இல் காஃபை எடுத்த பிறகு 2024 வரைக்கும் ராம்ஸ் முதல் ரவுண்டில் ஒருவரையும் எடுக்கவே இல்லை. ஏழு டிராஃப்ட்! 2021 நவம்பரில் தற்காப்பு ஆட்டக்காரர் வான் மில்லரை வாங்க இரண்டாம் ரவுண்டும் மூன்றாம் ரவுண்டும் கொடுத்தார்கள். அந்த சீசனே சூப்பர் பவுல், சொந்த மைதானத்தில், சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என்று வென்றார்கள். வெற்றி ஊர்வலத்தில் ஜெனரல் மேனேஜர் லெஸ் ஸ்னீட், பிக்குகளை இங்கே எழுத முடியாத வார்த்தையால் ஏசுகிற டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அந்த ஆளை அன்றைக்கே பிடித்துப்போனது, அது வேறு விஷயம்.

சரி, தவணைக்கு வருவோம். 2022 பிக் 32-ஆம் இடம். சாம்பியன் ஆயிற்றே, யாருக்கும் வலிக்கவில்லை. அடுத்த சீசன் ஸ்டாஃபர்ட், கூப்பர் கப், ஆரன் டொனால்ட் என்று வரிசையாகக் காயம், 5 வெற்றி 12 தோல்வி. 2023 பிக் ஆறாம் இடத்துக்கு ஏறியது. ஒரே டிரேடில் போன இரண்டு பிக். ஒன்று சில்லறை, இன்னொன்று சொத்து. எங்கள் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸ், ராம்ஸிலேயே கல்லூரிப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்து வந்தவர், அந்த ஆறை அரிசோனாவிடம் உடைத்து 12-ஆம் இடமும் 34-ஆம் இடமும் வாங்கினார். 12-இல் ஜமீர் கிப்ஸ். 34-இல் சாம் லபோர்ட்டா.

இப்போது பொங்கல் ராத்திரிக்குத் திரும்பி வாருங்கள். அன்றைக்கு லயன்ஸ் போட்ட டச்டவுன் மூன்று. ஒன்று கிப்ஸ், ஒன்று லபோர்ட்டா. பந்தை எறிந்தவர் காஃப், ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய ஆள். ஸ்கோர் 24-23. ஒரே ஒரு புள்ளி. கடைசியில் காஃப் எங்கள் ரிசீவர் செயின்ட் பிரவுனுக்கு ஒரு பந்தை எறிந்து, பந்து எங்களிடமே தங்கும்படி ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தார், அதோடு கடிகாரம் எங்கள் கைக்கு வந்தது. மைதானம் முழுக்க காஃபின் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் கத்திய கத்தலில் போனில் அம்மா, "அங்கேயும் பொங்கிடுச்சாடா?" என்றார். 1992 ஜனவரிக்குப் பிறகு லயன்ஸ் ஜெயித்த முதல் பிளேஆஃப் ஆட்டம். 32 வருடம் ஆகியிருந்தது.

இதைச் சொன்னால் அண்ணன் மாதிரி ஆட்கள் உடனே கேட்பார்கள்: "அப்போ ராம்ஸ் செஞ்சது தப்பா?" இல்லவே இல்லை. கோப்பை அவர்கள் அலமாரியில் இருக்கிறது, எங்கள் அலமாரியில் தூசிதான். ஸ்டாஃபர்ட் 2025 சீசனிலும் அங்கேதான் எறிந்துகொண்டிருந்தார். நல்ல குவாட்டர்பேக் என்றால் ஐந்து வருடம் உழைக்கும் பொருள், அதற்கு இரண்டு தவணை நியாயம். (குவாட்டர்பேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடு என்று படிக்காதீர்கள். கிளீவ்லண்ட் 2022-இல் டிஷான் வாட்சனுக்கு மூன்று முதல் ரவுண்டும் 23 கோடி டாலர் உத்தரவாதமும் கொடுத்து என்ன ஆனது என்று ஈரி ஏரிக்கரை பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்வார்கள்.)

குவாட்டர்பேக் அல்லாத ஆட்டக்காரர்களுக்கு எனக்குப் பிடித்த கணக்கு வான் மில்லர் கணக்குதான். இரண்டாம் ரவுண்டு, மூன்றாம் ரவுண்டு, இரண்டும் வரப்போகிற ஏப்ரலுடையவை. சீசன் பாதி ஓடிவிட்டது, அணி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, தவணை கிட்டத்தட்ட எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மனிதர் சூப்பர் பவுலில் குவாட்டர்பேக்கை இரண்டு முறை தரையில் சாய்த்தார். அடுத்த மாதமே பஃபலோவுக்குப் போய்விட்டார், போகட்டும்.

மாறாக இண்டியானாபோலிஸைப் பாருங்கள். 2025 நவம்பர் 4, டிரேடுக்குக் கடைசி நாள். அந்த ஊர் அணியான கோல்ட்ஸ் 7 வெற்றி 2 தோல்வி. நியூயார்க் ஜெட்ஸிடமிருந்து தற்காப்பில் ஆடும் கார்னர்பேக் சாஸ் கார்ட்னரை வாங்கினார்கள். விலை 2026, 2027 இரண்டு வருடத்து முதல் ரவுண்டும், கூட ஒரு இளம் ரிசீவரும். அன்றைய நிலவரத்தில் 2026 பிக் வரிசையின் வாலில் நிற்கும் என்றுதான் தோன்றியது. அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. டிசம்பரில் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த 44 வயது ஃபிலிப் ரிவர்ஸைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினார்கள். 8-9 என்று முடிந்தது, பிளேஆஃப் கிடையாது, வாலில் நிற்க வேண்டிய பிக் நடுவரிசைக்கு ஏறிவிட்டது. இரண்டாவது தவணை இன்னும் பாக்கி.

கார்ட்னர் மோசமான ஆட்டக்காரர் இல்லை. அந்த டிரேடில் அவரைப் பற்றி யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை. தங்களைப் பற்றித்தான் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வருடம் தள்ளி உள்ள பிக்கைக் கொடுக்கிறவர், தன் குவாட்டர்பேக்கின் முழங்காலும் குதிகாலும் இரண்டு வருடம் தாங்கும் என்று பந்தயம் கட்டுகிறார். இந்த ஆட்டத்தில் அந்தப் பந்தயத்தை எந்த டாக்டரும் கட்டமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. தவணை கட்டுகிற ஆள் வேறு. தோற்றால் வேலை போகும் என்று பயப்படுகிற ஜெனரல் மேனேஜருக்கு இரண்டு வருடம் தள்ளி உள்ள பிக் தன் பணமாகவே தெரியாது, அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் பணம் அது. இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1970-களில் வாஷிங்டனில் ஜார்ஜ் ஆலன் எதிர்காலம் என்பதே இப்போதுதான் என்று முழக்கம் வைத்துக்கொண்டு பிக்குகளை வாரி இறைத்தார். ஒரே பிக்கை இரண்டு அணிக்கு விற்று அபராதம் கட்டியவர் அவர். 1989-இல் மின்னசோட்டா, ஹெர்ஷல் வாக்கர் ஒருவர் வந்தால் போதும் என்று டாலஸுக்கு அள்ளிக் கொடுத்த பிக்குகளைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? டாலஸ் அதிலிருந்து கட்டிய அணி மூன்று சூப்பர் பவுல் வென்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஹோம்ஸ் ஒன்றும் கொடுக்காமல் இருந்தது சரி என்று முடிப்பேன் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2024 அக்டோபர் 13, டாலஸில் ஏடன் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. எதிரணிக் குவாட்டர்பேக்கை விரட்டிச் சாய்க்கிற எங்கள் ஒரே உருப்படியான பாஸ் ரஷ்ஷர். அணியோ பறந்துகொண்டிருந்தது. நவம்பரில் அதே வேலைக்கு ஹோம்ஸ் வாங்கிக்கொண்டு வந்தது ஸடேரியஸ் ஸ்மித்தை, ஒரு ஐந்தாம் ரவுண்டுக்கும் ஆறாம் ரவுண்டுக்கும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, உண்டியலில் கிடந்த சில்லறையை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போன மாதிரி. 15-2 என்று சீசனை முடித்தோம். அதற்குள் தற்காப்பில் பாதிப் பேர் ஊன்றுகோலில். 2025 ஜனவரி 18, அதே ஃபோர்ட் ஃபீல்ட், பிளேஆஃபில் வாஷிங்டன் எங்கள் மேல் 45 புள்ளி ஏற்றி வெளியே அனுப்பியது. அந்த மாதமே தாக்குதலைப் பார்த்துக்கொண்ட பென் ஜான்சன் சிகாகோவுக்கும், தற்காப்பைப் பார்த்துக்கொண்ட ஆரன் க்ளென் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளராகப் போனார்கள். அடுத்த சீசன் 9-8, பிளேஆஃபே இல்லை. கோப்பைக்கான காலம் நீளம் என்று நினைத்தோம். ஒரு குளிர்காலம்தான் இருந்தது.

அந்த நவம்பரில் 2025 முதல் ரவுண்டைக் கொடுத்திருக்க வேண்டும். 15-2 போகிற அணியின் பிக் 28-இல்தான் வரும், அது அன்றைக்கே தெரிந்த தவணை. எதிர்த்தரப்பு நல்ல ஆளை விட்டுக் கொடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி. கேட்டாவது பார்த்திருக்கலாம். 2026-ஐத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டிருந்தால் இந்த 9-8 வருடத்தில் எவனோ ஒருவன் எங்கள் பிக்கில் சிரித்துக்கொண்டிருப்பான், நாங்கள் கிப்ஸை வைத்துச் சிரித்த மாதிரி.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு போன் போட்டு, அப்பாவின் சீட்டிலிருந்து தொடங்கி இருபது நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, ரெண்டு வேணாம். அந்த ஒண்ணையாவது கொடுக்கச் சொல்லு" என்றார். அப்புறம், "உங்கப்பா 28,000-மா தள்ளினாரு?" என்று கேட்டு, அதற்குத்தான் அதிக நேரம் வருத்தப்பட்டார்.