பிராஸ் பேண்ட் நடத்துநர்கள் பற்றி ஒரு திருத்தம்

“ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்காதவர்கள்தான் பிராஸ் பேண்ட் நடத்தப் போவார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. (பிராஸ் பேண்ட் என்பது பித்தளை ஊது வாத்தியங்களால் ஆன இசைக்குழு; நடத்துநர் என்றால் முன்னால் நின்று கையசைத்து அதை வழிநடத்துபவர்.) எல்கர் ஹோவர்த்தையே பாருங்கள். லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசித்தவர். 1978இல் ஸ்டாக்ஹோமில் இசையமைப்பாளர் லிகெட்டியின் ஓபரா (இசை நாடகம்) முதன்முதலாக அரங்கேறியபோது நடத்தியவரும் அவர்தான். அதே மனிதர்தான் யார்க்‌ஷயரின் கிரைம்தோர்ப் சுரங்கத் தொழிலாளர் பேண்டையும் நடத்தினார். பெர்ட்விஸ்ல் போன்ற நவீன இசையமைப்பாளர்களை அந்த பேண்டுக்கு எழுத வைத்தார். வாய்ப்பில்லாமல் ஒதுங்கியவர் செய்கிற வேலையா இது?

வேலையும் சுலபமில்லை. சுமார் 25 பித்தளை வாத்தியங்கள், கூடத் தாளவாத்தியங்கள், அவ்வளவுதான். வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. நீளமான மெல்லிய பகுதியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இசை அப்படியே அறுந்துவிடும். அதனால் யார் எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்பதைக்கூட ஒத்திகையிலேயே முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனின் பெரிய போட்டிகளில் நடுவர்கள் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்பார்கள், மேடையைப் பார்க்க மாட்டார்கள். நடத்துநர் எவ்வளவு அழகாகக் கையசைத்தாலும் அங்கே ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது.

அப்புறம், இது “நல்ல சம்பளத்துக்கு முழுநேர வேலை” என்று அவர் சொன்னதும் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே வாசிப்பவர்களில் பலர் வேறு தொழில் செய்பவர்கள். நடத்துநர்களில் நிறையப் பேர் பல பேண்டுகளை நடத்திக்கொண்டு, கற்றுக்கொடுத்தும் இசையமைத்தும்தான் பிழைக்கிறார்கள்.