பம்பு செய்கிற ஊர் என்று சிரித்தவருக்கு

அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். கோவைப் பக்கம் சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திரப் பூங்கா, அதாவது சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்பூங்கா, அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசின் 2025 பட்ஜெட்டில் வந்த அறிவிப்பைப் பற்றிய பேச்சு. "பம்பு செய்கிற ஊருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டுவிட்டு ஒருவர் சிரித்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிப் தயாரிக்கும் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் நினைக்கிறார்? அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த வெற்றிட அறை, வால்வுகள், வாயுக் குழாய்கள், காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பம்பு. ஆம், பம்புதான்!

சிப்பில் நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிக்கும் இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம். அந்த ஒளியை உண்டாக்க அதற்குள் நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகள் விழுகின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் தாக்குகிறது. அந்த லேசரைச் செய்து தருவது ஜெர்மனியின் ட்ரம்ப் (TRUMPF) நிறுவனம். 1923இல் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கி, தகடு வெட்டும் இயந்திரங்கள் செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். பட்டறையிலிருந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

என் அப்பா கோவை சிங்காநல்லூரில் லேத்தில் வேலை பார்த்த டர்னர். தண்டைக் கடைந்து முடித்ததும் முதலில் நகத்தால் வருடிப் பார்ப்பார், பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுப்பார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அதை ஒதுக்கி வைத்துவிடுவார். முதலாளி பரவாயில்லை என்றாலும் கேட்கமாட்டார். அந்தக் கைகளைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

"நானோமீட்டர் வேறு, லேத் வேறு" என்பீர்கள். வேறுதான்; நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாளைக்கே ஏஎஸ்எம்எல் ஆகிவிடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. வால்வில் தொடங்கலாம், வெற்றிட அறையில் தொடங்கலாம்.

"சோலார் பேனல் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்த மேயர் பர்கர் நிறுவனம் மூழ்கிப்போகவில்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். முழுக்கதையையும் படியுங்கள். அந்த சுவிஸ் நிறுவனம் 2020இல் தன் இயந்திரங்களைப் பிறருக்கு விற்பதை விட்டுவிட்டுத் தானே பேனல் செய்யப் போனது. பேனல் விலை சரிந்தபோது சிக்கிக்கொண்டது. 2025இல் அதன் ஜெர்மன் நிறுவனங்கள் திவாலாயின. இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

பேனல் தொழிற்சாலைக்கு ரிப்பன் வெட்டினால் எல்லோரும் கைதட்டுகிறோம். உள்ளே ஓடும் இயந்திரம் எங்கிருந்து வந்தது, பழுதானால் எந்த நாட்டிலிருந்து ஆள் வரவேண்டும், அவருக்கு விசா எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இயந்திரம் செய்கிறவன் கண்ணில் படுவதே இல்லை.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பலர் ஆர்டர் இல்லாமல் லேத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளில் யாருக்காவது அந்தப் பூங்காவில் ஒரே ஒரு வால்வு செய்யும் ஆர்டர் கிடைக்குமா என்றுதான், சிரித்தவரே, நீங்கள் அந்த விவாதத்தில் கேட்டிருக்க வேண்டும்.